டி செல்லுக்கு யார் பிரேக் போட்டது? வட ஆற்காட்டிலிருந்து ஒரு கதை

ஆம்பூர்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல பிரியாணி ஞாபகம் வரும். ரெண்டாவதா ஷூ. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு பாலாற்றை ஒட்டி வரிசையா டேனரிகள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தை இப்போ வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைன்னு பிரிச்சுட்டாங்க. ஆனா அந்த தோல் தொழில் பெல்ட் அப்படியேதான் இருக்கு.

இன்னிக்கு நாம பேசப்போறதும் தோல்லதான் தொடங்குது. ஆனா மனுஷத் தோல். கேள்வி இதுதான்: நம்ம உடம்புக்குள்ள எதிரி வந்து உட்கார்ந்திருக்கான், காவல் காக்க வேண்டிய செல்லும் அங்கேயே நிக்குது, ஆனா அடிக்க மாட்டேங்குது. ஏன்? இந்தக் கேள்விக்கான பதிலுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைச்சது. பரிசு போனது ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும். ஆனா இதே கேள்வியை உடம்பிலேயே சுமந்த மனிதர்களை, வேலூரைச் சுற்றியுள்ள டாக்டர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

முதலில் டி செல்

தோல் பதனிட குரோமியம் உப்பு பயன்படுத்துவார்கள். அந்த வேலையில் இருக்கும் சிலருக்கு கையில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு வரும். சிமெண்டில் கை வைக்கும் கொத்தனாருக்கும் இதே பிரச்சினை வருவதுண்டு. அங்கேயும் குற்றவாளி குரோமியம்தான். இந்த அலர்ஜியின் ஒரு குணத்தைக் கவனிங்க. தொட்ட உடனே வராது. ஒரு நாள், ரெண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஏன்னா இதைச் செய்வது டி செல். அது தன் எதிரியை அடையாளம் கண்டு, பெருகி, அந்த இடத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும்.

டி செல் ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஒவ்வொரு டி செல்லும் ஒரு குறிப்பிட்ட முகத்தை மட்டும் அடையாளம் காணும். அந்த முகம் கிடைத்துவிட்டால் விடாது. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும், மற்ற செல்களையும் உசுப்பிவிடும். குரோமியம் அலர்ஜியில் தேவையே இல்லாமல் இந்த சண்டை நடக்கிறது. இது ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்ட நிலை. இதுக்கு நேர் எதிரான நிலை ஒன்று உண்டு. அதைப் பார்க்க வேலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கரிகிரிக்குப் போகணும்.

கரிகிரியில் தெரிந்த மௌனம்

ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகு பல ஆண்டுகளும், வட ஆற்காட்டில் தொழுநோய் மிக அதிகம். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் சிஎம்சிக்கு, 1946-இல் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் வந்து சேர்ந்தார். அவர் பிறந்ததே நம்ம கொல்லிமலையில்தான், 1914-இல். அவரை வேலூருக்கு அழைத்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் மருத்துவர்.

அப்போ எல்லாரும் நம்பியது, தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று. பிராண்ட் கவனித்தது வேறு. நரம்பு செத்துப்போனதால் உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இல்லாததால் சுடுபாத்திரமும் முள்ளும் தெரிவதில்லை. காயம் மேல் காயம் பட்டு விரல் போகிறது. அவர் தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிப்போன கைகளை மறுபடி திறக்கவைத்தார். உணர்ச்சி இல்லாத கால்களுக்கு மெத்தென்ற ரப்பர் அடித்தளம் வைத்த செருப்புகள் இங்கேதான் செய்யப்பட்டன. உலகத்துக்கே தோல் ஷூ அனுப்பும் பெல்ட்டில், அந்தக் கால்களைக் காப்பாற்றியது ரப்பர் செருப்பு. 1955-இல் கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் உருவானது.

சரி, இதுக்கும் டி செல்லுக்கும் என்ன சம்பந்தம்? கேளுங்க. தொழுநோய்க் கிருமி ஒன்றுதான். ஆனா நோய் இரண்டு முகத்தில் வரும். ஒருவருக்கு உடம்பில் ஒன்றிரண்டு வெளிறிய தேமல், அதில் உணர்ச்சி இருக்காது. அந்தத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமியே அரிதாகத்தான் தென்படும். டி செல்கள் கூட்டமாக நிற்கும். இன்னொருவருக்கு முகம், காது மடல் எல்லாம் தடித்துப்போகும். அவர் தோலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். டி செல் சண்டையே போடாது.

இதைச் சோதிக்க ஒரு பழைய தோல் பரிசோதனை உண்டு. கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைத் தோலில் கொஞ்சம் ஊசியாகப் போட்டு, மூன்று நான்கு வாரம் கழித்துப் பார்ப்பார்கள். முதல் வகை நோயாளிக்கு அந்த இடம் தடிக்கும். இரண்டாம் வகை நோயாளிக்கு ஒன்றுமே நடக்காது. குரோமியத்தைத் தொட்ட கை கொதிக்கிறது. கோடிக்கணக்கான கிருமி சுமக்கும் தோல் சும்மா இருக்கிறது. இரண்டிலும் சம்பந்தப்பட்டது அதே டி செல்தான்.

விசித்திரம் இதோடு முடியல. இரண்டாம் வகை நோயாளிகளின் டி செல்கள் மொத்தமாகச் செத்துப்போனவை இல்லை. பலருக்கு மற்ற கிருமிகளிடம் அவை நன்றாகவே சண்டை போடும். தொழுநோய்க் கிருமியிடம் மட்டும் மௌனம். டெல்லி எய்ம்ஸில் இந்திரா நாத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த மௌனத்தை ஆராய்வதில் செலவிட்டார். 2021-இல் மறைந்த அவர், இந்திய நோய் எதிர்ப்பியலின் முன்னோடிகளில் ஒருவர். செல் இருக்கிறது, அதற்கு வேலையும் தெரியும், யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கிருந்தே வலுத்தது.

பிரேக் கிடைத்த கதை

இப்போ கியோட்டோவுக்கு ஒரு தாவு. 1992-இல் தசுகு ஹொன்ஜோவின் ஆய்வகத்தில், யசுமாசா இஷிதா என்ற இளம் ஆய்வாளர் ஒரு புதிய மரபணுவைக் கண்டுபிடித்தார். செல் தன்னைத்தானே கொல்லும்போது இது வேலை செய்கிறது என்று நினைத்து, திட்டமிட்ட மரணம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். சுருக்கமாக பிடி-1. உண்மையான வேலை என்னவென்று அப்போது தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த மரபணுவை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. பிடி-1 இல்லாத எலிகளை வளர்த்தார்கள். வயதாக ஆக அவற்றுக்கு மூட்டு வீக்கமும் சிறுநீரக பாதிப்பும் வந்தன. அதாவது உடம்பின் காவல்படை சொந்த உடம்பையே அடித்தது. 1999-இல் இது வெளியானபோது விஷயம் புரிந்தது: பிடி-1 ஒரு பிரேக்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு எளிமையா சொல்றேன். டி செல் உசுப்பப்பட்டதும், அதன் மேற்பரப்பில் பிடி-1 முளைக்கும். எதிரே இருக்கும் செல்லின் மேல் பிடி-எல்1 என்ற கைப்பிடி இருந்தால், இரண்டும் கோத்துக்கொள்ளும். உடனே டி செல்லுக்குள்ளே ஒரு நொதி ஓடிவந்து, "அடி" என்ற சிக்னலைச் சுமக்கும் பாஸ்பேட் குறிகளை அழித்துவிடும். சிக்னல் தணியும், செல் அமைதியாகும். சண்டை முடிந்த பிறகு காவலர்கள் கலைந்து போகணும் இல்லையா, அதுக்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது.

பிரேக் இது ஒன்று மட்டும் இல்லை. சிடிஎல்ஏ-4 என்று இன்னொன்று உண்டு. அது இல்லாத எலிகள் பிறந்து மூன்று நான்கு வாரத்திலேயே செத்துப்போயின. 1995-இல் இது தெரிந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் இதைத் தலைகீழாக யோசித்தார். பிரேக்கைக் கொஞ்ச நேரம் மறைத்துவிட்டால் டி செல் புற்றுநோயை அடிக்குமா? 1996-இல் எலிகளில் அடித்தது. இந்த இரண்டு பிரேக்குகளுக்காகத்தான் ஆலிசனும் ஹொன்ஜோவும் 2018 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வேலூரில் ஆறு மஞ்சள் குழிகள்

இந்த ரெண்டு கதைக்கும் நடுவில் இன்னொரு கதை இருக்கு. 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். சென்னையில் தோல் வியாபாரம் செய்த ஒரு மராத்திக் குடும்பத்தின் மகள். எய்ட்ஸ் என்பது மேல்நாட்டு நோய், இந்தியாவுக்கு வராது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதைத் தேடிப்பார்க்கச் சொன்னார்.

நிர்மலா அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை எடுத்தார். சென்னையில் அதைச் சோதிக்க வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து, கணவரோடு ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கினார். சிஎம்சியில் வைராலஜி துறை ஜேக்கப் ஜானுடையது. அங்கே சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் மறுபடி சோதித்தும் அதே முடிவு. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதலில் உறுதியானது இப்படித்தான்.

அந்த ஆறு பெண்களைப் பற்றி ஒன்று சொல்லணும். கண்டுபிடித்தவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ரத்தம் கொடுத்தவர்கள் பூட்டிய கட்டிடத்துக்குள் இருந்தவர்கள். முடியாது என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அப்போ அவர்களுக்குக் கொடுக்க மருந்தும் இல்லை. மருத்துவத்தின் பல கண்டுபிடிப்புகளுக்கு அடியில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கதையில் அவர்களைத் தாண்டிப் போகக்கூடாது.

எச்ஐவிக்கும் பிடி-1க்கும் என்ன தொடர்பு? எச்ஐவி டி செல்களைக் கொல்லும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனா உயிரோடு மிஞ்சும் டி செல்களும் சண்டை போடுவதில்லை. வைரஸ் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உடம்பில் இருந்தால், அதைத் தினம் தினம் பார்த்துப் பார்த்து டி செல் களைத்துவிடுகிறது. எலிகளில் இந்தக் களைப்பை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ரஃபி அகமது. ஹைதராபாத்தில் பிறந்து அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர். 2006-இல் அவர் குழு காட்டியது: களைத்த டி செல்லின் மேல் பிடி-1 நிறைய இருக்கிறது, அதை மறைத்தால் செல் மறுபடி எழுந்து வேலை செய்கிறது. அதே ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் எச்ஐவியோடு வாழும் மனிதர்களின் டி செல்களிலும் இதையே பார்த்தார்கள். பிடி-1 எவ்வளவு கூடுதலோ, நோய் அவ்வளவு மோசம்.

2009-இல் எமரியிலிருந்தே இன்னொரு கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. முதல் ஆசிரியர் விஜயகுமார் வேலு, குழுத் தலைவர் ராமா ராவ் அமரா. எச்ஐவியின் குரங்கு உறவான எஸ்ஐவி தொற்றிய குரங்குகளுக்கு, பிடி-1ஐ மறைக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள். டி செல்கள் பெருகின, ரத்தத்தில் வைரஸ் குறைந்தது, குரங்குகள் கூடுதல் காலம் வாழ்ந்தன.

மனிதர்களுக்கு எச்ஐவியில் இந்த வழி தேவைப்படவில்லை. வைரஸையே அடக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு அவற்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆரம்பித்த மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. ஆனா களைத்த டி செல்லை எழுப்ப முடியும் என்ற அறிவு வீணாகல. அது புற்றுநோய்க்குப் போனது. பல புற்றுநோய்க் கட்டிகள் தங்கள் மேல் பிடி-எல்1 கைப்பிடியை முளைக்க வைத்து, வரும் டி செல்லுக்கெல்லாம் பிரேக் போட்டு நிறுத்துகின்றன. 2014-இல் பிடி-1ஐ மறைக்கும் இரண்டு மருந்துகள் வந்தன: ஜப்பானில் நிவோலுமாப், அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப்.

பிரேக்கை எடுத்தால் என்ன ஆகும்? கரிகிரிக்குத் தெரியும்

இப்போ மறுபடி தொழுநோய்க்கு வருவோம். இங்கேதான் விஷயம் இருக்கு.

இரண்டு முகத்துக்கும் நடுவில் நிற்கும் நோயாளிகள் நிறைய பேர். மருந்து ஆரம்பித்து கிருமி குறையும்போது, அவர்களில் சிலருக்கு அதுவரை சும்மா இருந்த டி செல் திடீரென விழித்துக்கொள்ளும். நல்ல செய்திதானே? இல்லை. கிருமி ஒளிந்திருப்பது நரம்புக்குள். டி செல் அங்கே போய் சண்டை போட்டால் நரம்பு வீங்கும். சில நாட்களில் கை மடங்கிப்போகலாம், கால் தொங்கிப்போகலாம். கிருமி செய்ய ஆண்டுகள் எடுத்த சேதத்தை, விழித்த டி செல் ஒரே வாரத்தில் செய்துவிடும். இதற்கு டாக்டர்கள் கொடுப்பது ப்ரெட்னிசொலோன், ஸ்டீராய்டு. டி செல்லை மறுபடி அடக்குவதற்கு.

பிடி-1 மருந்து எடுக்கும் புற்றுநோயாளிகளில் சிலருக்கும் இதேதான் நடக்கிறது, வேறு உறுப்புகளில். தைராய்டு, குடல், நுரையீரல், அரிதாக இதயம். அங்கேயும் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் ஸ்டீராய்டுதான். தொழுநோயில் உடம்பு தானாகச் செய்ததை, புற்றுநோய் வார்டில் நாம் ஊசி போட்டுச் செய்கிறோம். தொழுநோயாளிகளின் செல்களிலும் பிடி-1, பிடி-எல்1 கூடுதலாக இருப்பதைப் பின்னாளில் சில ஆய்வுகள் பார்த்தன. ஆனா அந்த மௌனத்துக்கு அது ஒன்று மட்டும் காரணம் இல்லை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உட்பட வேறு பல கைகளும் அதில் இருக்கின்றன.

இந்தியாவுக்கு முக்கியமான இன்னொரு விஷயம் காசநோய். பிடி-1 இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தால், பிரேக் இல்லாத டி செல் கிருமியை ஒழித்துக்கட்டும் என்றுதானே தோணுது? நடந்தது தலைகீழ். சாதாரண எலிகளைவிட சீக்கிரம் செத்தன. 2010-லும் 2011-லும் தனித்தனிக் குழுக்கள் இதைக் காட்டின. கட்டுப்பாடில்லாத டி செல் நுரையீரலையே நாசமாக்கியது, கிருமியும் பெருகியது. மனிதர்களிலும் இந்த மருந்துக்குப் பிறகு உறங்கிக்கொண்டிருந்த காசநோய் எழுந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. காசநோய் நிறைந்த நம்ம நாட்டில் இது ஒரு ஓரக்குறிப்பு கிடையாது.

யாருக்குக் கிடைக்கும்?

கடைசியா காசு. இந்த மருந்துகளின் செலவு லட்சக்கணக்கில் போகும். வேலூர், குடியாத்தம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களையும், அந்தப் புகையிலையால் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வந்தவர்களையும் நினைச்சுப் பாருங்க. நோபல் பரிசு வாங்கிய மருந்து அவர்களுக்கு எட்டுமா?

மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் வேறு மாதிரி கேட்டார்கள். இவ்வளவு டோஸ் உண்மையிலேயே வேணுமா? நிவோலுமாப்பின் வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள், மலிவான மாத்திரைகளோடு சேர்த்து. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரில் இந்தச் சோதனை நடந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம்; குறைந்த டோஸ் நிவோலுமாப்பும் எடுத்தவர்களில் 43.4 சதவீதம். 2022-இல் முடிவு வெளியானது. முழு டோஸோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை இல்லை இது. ஆனா ஒன்றுமே கிடைக்காது என்ற நிலையில் இருந்தவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. டி செல்லின் மேல் இருக்கும் பிடி-1ஐ மூட எவ்வளவு மருந்து போதும் என்ற கேள்வி, நம்ம நாட்டில் யார் பிழைப்பார்கள் என்ற கேள்வியாகவும் இருக்கு.

இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்களுக்கு மூணு விஷயம். ஒன்று, வீட்டில் யாருக்காவது இம்யூனோதெரபி பற்றி டாக்டர் பேசினால், முன்பு காசநோய் வந்திருக்கிறதா என்பதை மறக்காமல் சொல்லுங்க. குறைந்த டோஸ் பொருந்துமா என்றும் கேளுங்க, கேட்பதில் தப்பில்லை. ரெண்டு, அந்த மருந்து எடுக்கும்போது விடாத வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், அளவுக்கு மீறிய சோர்வு வந்தால், சும்மா சூடுன்னு விடாதீங்க, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. மூணு, உணர்ச்சி இல்லாத தேமல் யாருக்காவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தொழுநோய் முழுசா குணமாகும், மருந்து இலவசம். சிகிச்சை நடுவில் கை காலில் திடீர் வலியோ பலவீனமோ வந்தால் மருந்தை நிறுத்தாமல் உடனே திரும்பிப் போகணும். அது டி செல் விழித்துக்கொண்டதா இருக்கலாம். சீக்கிரம் போனால் அந்தக் கையைக் காப்பாற்றலாம்.